ஆக்சிலேட்டரை மூடியும் இறங்காத சத்தம்

என்ஜினைக் கட்டி முடித்த பிறகு என் பழைய பைக் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். புது பிஸ்டன், புது ரிங், போர் போட்ட (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கிய) சிலிண்டர். மண் பாதையில் ஒரு மேட்டை ஏறி முடித்து ஆக்சிலேட்டரை விட்டேன். கை மூடிவிட்டது, என்ஜின் மட்டும் இறங்கவில்லை. ஒன்றிரண்டு நொடி அதே வேகத்தில் கத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் குரல் திடீரென்று கம்மிப்போய், பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. விரல்கள் ஏற்கெனவே கிளட்சில் இருந்ததால் கீழே விழவில்லை. வண்டி சறுக்கி நின்றது. அந்த அமைதியில் சிலிண்டரின் அலுமினியத் தகடுகள் ஆறும்போது எழுப்புகிற டிக் டிக் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரே என்ஜின், இரண்டாவது முறை சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிப் பூட்டிக்கொள்வது. முதல் முறை நடந்தது என் கைக்கு வருவதற்கு முன்பு. வண்டி கைக்கு வந்ததும், பிஸ்டன் தேய்ந்துபோய் ஜாம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். சிலிண்டரைக் கழற்றி, 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (அளவில் பெரிய) பிஸ்டன் வாங்கி, அதற்கேற்ப போர் போட்டு, மூடிவிட்டேன். கீழ்ப்பக்கத்தைத் தொடவில்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்கைக் கையால் சுற்றினால் சீராகச் சுற்றியது, அது போதும் என்று நினைத்தேன். இந்தக் கட்டுரை அந்த "போதும்" எங்கே தப்பாகப் போனது என்பதைப் பற்றியும், அதன் பிறகு என்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டியதைப் பற்றியும்.

வண்டி 1968-ஆம் ஆண்டு யமஹா டிடி-1. 1967 டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு ஸ்க்ராம்ப்ளர் (மண் பாதை வண்டி) என்று விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ரோட்டு வண்டிகள்தான். சைலன்சரை மேலே தூக்கி வைத்து, அகலமான ஹேண்டில்பாரைப் பூட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். டிடி-1 மண்ணுக்காகவே வரையப்பட்ட வண்டி. 246 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 5 கியர், எடை 112 கிலோ. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 64. 6,000 ஆர்பிஎம்மில் 18 குதிரைத்திறன் சொச்சம். இன்றைய கணக்குக்கு இது சின்ன எண். ஆனால் அந்தச் சக்தி கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே வருகிற விதம் இருக்கிறதே, ஈர மண்ணில் இரண்டாவது கியரில் போகும்போது ஒவ்வொரு வெடிப்பும் பின் டயர் வழியாக நிலத்தைத் தள்ளுவதை உட்கார்ந்த இடத்தில் உணரலாம். இந்த வண்டியை விட்டுவிட எனக்கு மனசு வராததற்குக் காரணம் அதுதான்.

சரி, சீஸ் ஆன என்ஜினுக்கு வருவோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, நன்றாக ஆறிய பிறகு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். சீஸ் ஆன பிஸ்டனைப் பார்த்தவுடன் தூக்கி எறியக் கூடாது. கோடு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்பதே பாதி விடை. பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில், நான்கு மூலைபோலக் கோடு விழுந்திருந்தால், பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாகச் சூடாகி விரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணியதும் முறுக்கினால், அல்லது இடைவெளி விடாமல் இறுக்கமாக போர் போட்டிருந்தால் அப்படி ஆகும். கார்புரேட்டர் பக்கம் கோடு விழுந்தால் ஆயில் போதவில்லையா என்று பார்க்கவேண்டும். சைலன்சர் பக்கம் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஏற்கெனவே மிகச் சூடான அந்தப் பக்கம், கலவை மெலிந்ததும் தாங்காமல் உருகி சிலிண்டரில் ஒட்டிக்கொள்கிறது.

என் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் மட்டும்தான் கோடு. இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியம் இழுபட்டு, கீழ் ரிங்கை அதன் பள்ளத்திலேயே பூட்டி வைத்திருந்தது. பிஸ்டனின் தலை வறண்டு, சாம்பல் நிறத்தில் வெளிறியிருந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பழுப்பே ஏறவில்லை. அப்புறம், பரணில் போட்டிருந்த பழைய பிஸ்டனை, அதாவது முதல் முறை சீஸ் ஆனதை, தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கோடு அதே பக்கம், கிட்டத்தட்ட அதே அகலம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த முதல் பிஸ்டனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை.

போர் போட்டுத் தந்த பெரியவரிடம் சிலிண்டரைக் கொண்டுபோனேன். போர் இறுக்கமாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அவர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே, குறுக்கும் நெடுக்குமாக அளந்து பார்த்தார். "போர் சரியாத்தான் இருக்கு தம்பி. பிஸ்டன் ஏன் அவ்ளோ சூடாச்சுன்னு பாருங்க. அதைப் பார்க்காம நான் இன்னொரு சைஸ் போட்டுக் குடுத்தா, அதுவும் இப்படித்தான் வந்து நிக்கும்." சிலிண்டரைத் திருப்பித் தந்துவிட்டார். வேலையைச் செய்யாமல் திருப்பி அனுப்பியதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

டூ ஸ்ட்ரோக் என்ஜின் மூச்சு விடும் விதம் தெரிந்தால் அவர் கேட்டது புரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது ஆயில் இருக்கும் தொட்டி, அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் அதுவே நுரையீரல். பிஸ்டன் மேலே போகும்போது கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டர் வழியாகக் கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் சுவரில் இருக்கும் வழிகளில் ஏறி மேலே போகிறது. ஆக, கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் மூடியிருக்கவேண்டும். கிராங்கின் இரண்டு முனைகளும் கேஸை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஆளுக்கொரு ரப்பர் ஆயில் சீல் இருக்கும். இந்த இரண்டு சீலும் கெட்டுப்போகிற விதம் வேறு வேறு. வலது பக்கம், கிளட்ச் இருக்கும் பக்கம், சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடது பக்கம், மேக்னெட் (மின்சாரம் தரும் சுழல் காந்தம்) இருக்கும் பக்கம், சீல் போனால் வெறும் காற்று வரும். புகை இல்லை, கசிவு இல்லை. அந்தக் காற்றில் பெட்ரோலும் இருக்காது, ஆயிலும் இருக்காது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை எவ்வளவு சரியாகப் போட்டிருந்தாலும் பயனில்லை.

ஆக்சிலேட்டரை மூடிய பிறகும் என்ஜின் இறங்காமல் கத்தியதும் அதனால்தான். கார்புரேட்டர் மூடிவிட்டது, சீல் வழியாக வரும் காற்றை மூட ஆளில்லை. பிளக் கழுத்துவரை வெளுத்தாலும் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அதை யாரும் பார்க்கமுடியாது. ஆனால் இந்தச் சத்தம் கேட்கும். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிற யாராக இருந்தாலும், மூடியபின் இறங்கத் தாமதிக்கிற என்ஜினை உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்த மேட்டுக்குப் போகவேண்டாம்.

மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தேன். (யமஹாவின் பல பழைய வண்டிகளில் மேக்னெட்டை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லருக்கு இடது மரை. வழக்கம்போல வலப்பக்கம் சுற்றி ஏற்ற முயன்றால் மரையே போய்விடும். முதலில் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும்.) மின்சுருள்கள் இருக்கும் ஸ்டேட்டர் தட்டுக்குப் பின்னால் சீல் தெரிந்தது. சுற்றிலும் லேசாக ஈரம், அதில் ஒட்டிய தூசி. சீலின் உதடு கல்போல இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் வளையவில்லை, ஒரு துணுக்கு உடைந்து வந்தது. கிராங்க் தண்டில் சீல் உரசிய இடத்தில் மெல்லிய வளையம் ஒன்று விழுந்திருந்தது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டிருக்கலாம். மேக்னெட் பக்கத்து சீலைக் கேஸைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே மாற்றலாம், அரைமணி நேர வேலை. ஆனால் கிராங்கின் முனையை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், கைக்கு மட்டும் தெரிகிற ஒரு "டிக்". கிராங்க் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. மேலும் கீழும் கொஞ்சம்கூட நகரக் கூடாது. கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் போய்விட்டது. தண்டு வட்டமாகச் சுற்றாமல் ஆடிச் சுற்றினால் எந்தப் புது சீலும் சில நாளில் தேய்ந்துவிடும். பிஸ்டனைக் கொன்றது சீல் என்றால், சீலைக் கொன்றது பேரிங். பேரிங்கை எது கொன்றது என்பது கேஸைப் பிரித்த பிறகு தெரிந்தது.

அதற்கு முன்னால் என்ஜினையே மாற்றுகிற யோசனையைப் பற்றிச் சொல்லவேண்டும். நண்பன் ஒருவனிடம் ஓடுகிற நிலையில் ஒரு டிடி என்ஜின் இருந்தது. யமஹா 1972-இல் ரீட் வால்வு கொண்டுவந்த பிறகான தலைமுறை. "அதை ஏன்டா கட்டிக்கிட்டு அழற? என்ஜினைத் தூக்கிப் போடு, இதை வை, அடுத்த வாரம் ஓட்டு" என்றான். தப்பான யோசனை இல்லை. என் என்ஜினில் கலவை உள்ளே வரும் வழியைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் பாவாடை, அதாவது அதன் கீழ்ப்பக்கச் சுவர்தான். கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் கலவை கார்புரேட்டருக்கே திரும்பித் துப்பும். ரீட் வால்வு என்பது ஒருவழிக் கதவுபோலத் திறந்து மூடும் மெல்லிய தகடு, அந்தத் துப்பலைத் தடுத்துவிடும். அது மேம்பட்ட என்ஜின் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் என்ஜின் மாற்றுவது நான்கு போல்ட்டைக் கழற்றி நான்கு போல்ட் பூட்டுவது இல்லை. மவுண்ட் துளைகள் பொருந்தினாலும் முன் ஸ்ப்ராக்கெட்டும் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நீளமான நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே செயின் பக்கவாட்டில் இழுத்து, ஸ்ப்ராக்கெட் பல்லை ஒருபக்கமாகத் தின்னும். சைலன்சர் பைப் திரும்பும் கோணம் மாறினால் அதை வெட்டி ஒட்டவேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பைப் வெறும் புகைபோக்கி இல்லை. அதன் நீளமும் விரிந்து சுருங்கும் வடிவமும் என்ஜினின் ஒரு பாகம். இஷ்டத்துக்கு வெட்டினால் என்ஜின் குணமே மாறிவிடும். இதோடு ஸ்டேட்டர் ஒயரிங், கிளட்ச் கேபிளின் நீளம், ஆயில் பம்ப் கேபிள் எல்லாம் வரும். இதையெல்லாம் பொறுமையாகச் செய்தவர்களின் வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், மதிக்கிறேன். கிராங்க் கேஸ் விரிசல் விட்டுவிட்டது, பேரிங் உட்காரும் குழியே பெருத்துவிட்டது என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் கேஸில் விரிசல் இல்லை. இன்னொன்று, என் வண்டியின் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றே. ஒன்றாகப் பிறந்த இரண்டும் இத்தனை வருஷம் பிரியாமல் இருந்திருக்கின்றன. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. நண்பனிடம் அப்படியே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, கேஸைப் பிரிக்கும் பிரிப்பானைக் கடனாகத் தந்தான்.

என்ஜினை இறக்கியதும் முதல் வேலை கழுவுவது. வெளியே ஒட்டியிருக்கும் மண்ணோடு பிரித்தால் அந்த மண் உள்ளேதான் போகும். அப்புறம் ஸ்க்ரூக்கள். பழைய ஜப்பானிய வண்டிகளின் கவர் ஸ்க்ரூக்கள் பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூபோல இருக்கும், ஆனால் தலையின் வெட்டு வேறு. ஜேஐஎஸ் என்கிற ஜப்பானிய அளவு முனை அதில் இறுக்கமாக உட்காரும், சாதாரண முனை நழுவித் தலையை மழித்துவிடும். இம்பாக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் ஐம்பது வருஷ இறுக்கமும் "கிறீச்" என்று விட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் நீளமும் வேறு என்பதால், அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு ஸ்க்ரூவைக் குத்தி வைத்தேன்.

டிடி-1 கேஸ் செங்குத்தாக இரண்டாகப் பிரியும். நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பக் கூடாது. இரண்டு முகங்களும் காற்றுப் புகாமல் சேரவேண்டிய முகங்கள், ஒரு கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மூச்சு போகும். பிரிப்பானைப் பூட்டி, கால் சுற்று, கேஸைச் சுற்றி ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டல், மறுபடி கால் சுற்று. ஒரே பக்கம் திறந்து மறுபக்கம் திறக்கவில்லை என்றால் நிறுத்திவிடவேண்டும், ஏதோ ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. எனக்கும் இருந்தது, கருத்த கிரீஸுக்கு அடியில் ஒன்று.

கேஸ் திறந்ததும் கியர் தண்டுகளின் முனையைப் பார்க்கவேண்டும். அங்கே நகத்தின் தடிமன்கூட இல்லாத வாஷர்கள் இருக்கும். ஆயில் பசையால் அவை தண்டில் நிற்காமல் கேஸின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு போய்விடும். கழற்றிய கேஸைக் கழுவும்போது தண்ணீரோடு போனால் அவ்வளவுதான். நான் ஒன்றை அப்படிக் கேஸிலிருந்து விரல்நுனியால் நகர்த்தி எடுத்தேன். அது இல்லாமல் கட்டியிருந்தால் ஒரு கியர் விழாது, எதனால் என்று தெரிய மறுபடி முழுதாகப் பிரிக்கவேண்டியிருக்கும்.

மெயின் பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி, காதருகே வைத்துச் சுற்றினேன். மணலில் நடப்பதுபோல ஒரு சரசரப்பு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் உள்வளையத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், குண்டுகள் நின்றிருந்த இடைவெளிக்கு ஒன்றாக, துருப்புள்ளிகள். வண்டி பல வருஷம் அசையாமல் நின்றிருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கின் கிராங்க் பேரிங்குகள் ஆயிலில் மூழ்கி இருப்பதில்லை. பெட்ரோலோடு வரும் ஆயில் மூட்டம் மட்டுமே அவற்றுக்கு உணவு. வண்டி நின்றுவிட்டால் அந்தப் படலம் வடிந்துவிடும், கேஸில் ஈரம் தங்கும், குண்டு நிற்கும் இடத்திலேயே துரு பிடிக்கும். ஓடும்போது அந்தத் துருப்புள்ளி குழியாகும், குழி ஆட்டமாகும், ஆட்டம் சீலைத் தின்னும். கடைசியில் பழி பிஸ்டன் மேல் விழுகிறது.

கிராங்கும் தப்பவில்லை. இரண்டு சீஸில் உருகிய அலுமினியத் துணுக்குகள் கீழே இறங்கி, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் இருக்கும் ஊசி பேரிங்கில் மாட்டியிருந்தன. இந்த கிராங்க் ஒரே துண்டு இல்லை. இரண்டு கனமான வட்டுகள், நடுவே ஒரு பின், எல்லாம் பிரஸ்ஸில் அழுத்திச் சேர்த்தது. பின்னைத் தள்ளி எடுத்து, புது ராடு, புது ஊசி பேரிங் போட்டு, மறுபடி அழுத்தவேண்டும். அழுத்துவது பெரிய வித்தை இல்லை. இரண்டு வட்டுகளையும் ஒரே அச்சில் கொண்டுவருவதுதான் வித்தை. அதைச் செய்தவர் கிராங்கை இரண்டு முனையிலும் தாங்கி நிறுத்தி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் 0.12 மில்லிமீட்டர் ஆடியது. செம்புச் சுத்தியை எடுத்து, சாக்பீஸால் குறித்த இடத்தில், வட்டின் விளிம்பில் ஒரே அடி. மனசுக்குள் எனக்குத் திக்கென்றது, அவ்வளவு செலவழித்துச் சேர்த்த பொருளை அடிக்கிறாரே என்று. மறுபடி சுற்றினார், 0.07. இன்னொரு அடி, இந்த முறை வேறு கோணத்தில், மெதுவாக. 0.04. அதற்குப் பிறகு வெகுநேரம் அடிக்கவே இல்லை. சுற்றுவதும் பார்ப்பதும் மட்டும். கடைசியாக வட்டுகளுக்கு நடுவே சின்ன ஆப்பு வைத்து ஒரு தட்டு. முள் 0.02-இல் நின்றது. 0.03-க்குள் இருந்தாலே நல்ல கிராங்க்.

சிலிண்டர் இந்த முறை 0.50 ஓவர்சைஸுக்குப் போனது. உள்ளே வார்ப்பிரும்பு லைனர் (உட்குழல்) என்பதால் இன்னும் இரண்டு சைஸ் மிச்சம் இருக்கிறது. பெரியவர் இப்போது மறுப்புச் சொல்லவில்லை. பழைய சீலை அவர் மேஜையில் வைத்தேன், எடுத்துப் பார்த்துத் தலையசைத்தார். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்கு. போர் போட்ட பிறகு சிலிண்டர் சுவரில் இருக்கும் வழிகளின் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்கும். அதை அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும். அதை நானே செய்தேன், ஒரு மாலை முழுக்க, விரலை உள்ளே விட்டுத் தடவித் தடவி.

கட்டும் வேலை பிரிக்கும் வேலையைவிட அமைதியானது. பேரிங்குகள் ஒரு இரவு ஃப்ரீசரில்; கிராங்க் கேஸோ அடுப்பில், நூறு டிகிரி அளவுக்குச் சூட்டில். சூடான கேஸில் குளிர்ந்த பேரிங்கை வைத்தால் "டொக்" என்று தானாக விழுந்து உட்காருகிறது. அடிக்கவேண்டியதே இல்லை. புது சீல்களின் உதட்டுக்குக் கிரீஸ், ஸ்ப்ரிங் இருக்கும் பக்கம் கிராங்க் கேஸைப் பார்த்து. தண்டில் விழுந்திருந்த வளையத்தின் மேலேயே உதடு மறுபடி உட்காராதபடி சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம். ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சின்ன ஊசிக்கு நேராக. பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் வளையக் கம்பிகள் எப்போதும் புதிதாக, கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்த பிறகே.

அப்புறம் நான் முதல் முறை செய்யாமல் விட்ட வேலை, கசிவு சோதனை. கார்புரேட்டர் வழியை ரப்பர் அடைப்பானால் மூடினேன், சைலன்சர் வழியை ரப்பர் வைத்த தகட்டால். அடைப்பானில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பும் மீட்டரும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கசிவு சோதனைக்கு வேண்டிய அழுத்தம் சுமார் 6 பிஎஸ்ஐ. அந்த மீட்டரின் கடைசிக் கோடான 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது கிட்டத்தட்ட அதே அளவு. முள் 300-க்கு ஏறியது. பத்து நொடியில் 240. இருபது நொடியில் 190.

சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். இடது சீல், அமைதி. வலது சீல், அமைதி. கேஸ் சேரும் கோடு, சிலிண்டர் அடி, ஹெட், எல்லாம் அமைதி. கார்புரேட்டர் மாட்டும் குழல் சிலிண்டரோடு சேரும் இடத்தின் அடிப்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற மூலையில், கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. குழலின் முகம் வளைந்திருந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை விரித்து, முகம் முழுக்க ஒரே நிறமாக மினுங்கும்வரை எட்டு வடிவில் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டேன். மறுபடி 300. ஆறு நிமிஷம் கழித்து 290. பம்பைத் திருப்பி வெற்றிடத்திலும் ஒருமுறை பார்த்தேன், ஏனென்றால் அழுத்தத்தில் தண்டோடு ஒட்டிக்கொள்கிற சீல் உறிஞ்சும்போது விட்டுக்கொடுக்கலாம். அதுவும் நின்றது. அந்த ஆறு நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து விடும் பாயிண்டின் இடைவெளி 0.35 மில்லிமீட்டர். பிளக் துளையில் டயல் கேஜ் விட்டு டைமிங், அதாவது தீப்பொறி விழவேண்டிய நேரம். ஆயில் பம்பில் காற்றுக் குமிழ் போகும்வரை வடித்துவிட்டு, அதற்கு மேல் பாதுகாப்புக்காக முதல் டேங்க் பெட்ரோலிலும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தேன்.

ஏழாவது உதையில் பிடித்தது. கட்டும்போது தடவிய ஆயில் எரிந்து நீலப் புகை சூழ்ந்தது, ஒரு நிமிஷத்தில் தெளிந்தது. சிலிண்டரில் கை வைக்கமுடியாத சூடு வந்ததும் நிறுத்தினேன். முழுதாக ஆறவிட்டேன். இப்படி மூன்று முறை. அப்புறம் ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை டார்க் ஸ்பானரால் மறுபடி பார்த்தேன், இரண்டு நட்டு கொஞ்சம் திரும்பின.

மறுநாள் காலை அதே மண் பாதைக்குப் போனேன். அரை ஆக்சிலேட்டருக்கு மேல் திறக்கவில்லை, ஒரே வேகத்தில் நீடிக்கவும் விடவில்லை, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி. பாதி வழியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காப்பித்தூள் நிறம். மேட்டின் உச்சிக்கு ஏறி, கை கிளட்சில் தயாராக இருக்க, ஆக்சிலேட்டரை மூடினேன். சத்தம் உடனே விழுந்தது. தடதடவென்று கீழே இறங்கி, மெல்லிய டங் டங்கில் வந்து நின்றது. இன்னொரு முறை முறுக்கி மூடினேன், உடனே இறங்கியது. அந்த மேட்டிலேயே நின்று ஐந்தாறு முறை அதைச் செய்து கேட்டுவிட்டு, கிளட்சிலிருந்து விரல்களை எடுத்தேன்.